மிராசோல்: ‘ஏ’ பிரிவில் முதல் ஆண்டு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025ஆம் ஆண்டின் பிரேசில் கால்பந்து லீக்கைப் பற்றி எழுதத் தொடங்கியதிலிருந்து, ஃபிளமெங்கோவைப் பற்றிக் கேட்பவர்களைவிட மிராசோல் என்ற இந்தச் சின்னஞ்சிறு கிளப்பைப் பற்றிக் கேட்பவர்களே அதிகம். பட்டம் வென்ற அணியை விட்டுவிட்டு நான்காம் இடத்தில் வந்த அணியைப் பற்றி இத்தனை பேர் விசாரிப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

மிராசோல் எங்கே இருக்கிறது?

சாவோ பாலோ மாநிலத்தின் வடமேற்குப் பகுதியில். மாநிலத் தலைநகரான சாவோ பாலோவிலிருந்து சுமார் 450 கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். பக்கத்தில் உள்ள பெரிய நகரம் சாவோ ஜோசே டோ ரியோ பிரேட்டோ. விமானத்தில் வருகிறவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மிராசோலில் வசிப்பவர்கள் 63,337 பேர். கட்டில், மேசை, அலமாரி செய்யும் மரச்சாமான் தொழிற்சாலைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். ‘மிராசோல்’ என்ற சொல்லுக்குப் போர்த்துகீசிய மொழியில் சூரியகாந்தி என்று பொருள். அணியின் சட்டையும் அதற்கேற்ற மஞ்சள்தான், கூடவே பச்சை. ரசிகர்கள் அணியைச் செல்லமாக ‘சிங்கம்’ என்கிறார்கள்.

2025இல் அப்படி என்னதான் செய்தார்கள்?

1925 நவம்பர் 9 அன்று தொடங்கப்பட்ட கிளப், ஏறத்தாழ நூறு ஆண்டுகள் நாட்டின் உயர்ந்த பிரிவில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. 2025இல் முதன்முறையாக ‘ஏ’ பிரிவுக்கு வந்தது. சீசன் தொடங்கும் முன்பு, கீழே இறங்கப்போகும் நான்கு அணிகளில் ஒன்றாக ஏறக்குறைய எல்லோருமே இதைத்தான் கணித்தார்கள். முடிவில் 20 அணிகளில் நான்காம் இடம். 38 ஆட்டங்களில் 18 வெற்றி, 13 சமன், 7 தோல்வி, 67 புள்ளிகள். அடித்த கோல்கள் 63, வாங்கிய கோல்கள் 39.

மேலே இருந்த மூவர் ஃபிளமெங்கோ (79), பால்மெய்ராஸ் (76), க்ருசெய்ரோ (70). ஃப்ளுமினென்ஸ், போட்டாபோகோ, சாவோ பாலோ, கொரிந்தியன்ஸ், சாண்டோஸ் என்று நமக்கெல்லாம் பெயர் தெரிந்த கிளப்புகள் அத்தனையும் மிராசோலுக்குக் கீழே.

இந்த 67இல் எனக்குப் பிடித்த ஒரு செய்தி உண்டு. முந்தைய ஆண்டு ‘பி’ பிரிவில் அவர்கள் எடுத்ததும் இதே 67 புள்ளிகள்தான். ஒரு படி மேலே ஏறி, பல மடங்கு பணமுள்ள அணிகளோடு மோதியும் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை.

பிரேசில் லீக்கில் ஏற்ற இறக்கம் எப்படி நடக்கிறது?

தேசிய அளவில் ஏ, பி, சி, டி என்று நான்கு பிரிவுகள். ‘ஏ’ பிரிவில் 20 அணிகள்; ஒவ்வொன்றும் மற்றொன்றோடு சொந்த மைதானத்தில் ஒரு முறை, வெளியில் ஒரு முறை ஆடும். கடைசி நான்கு அணிகள் ‘பி’ பிரிவுக்கு இறங்கும். அங்கிருந்து நான்கு அணிகள் மேலே வரும். இவற்றைத் தவிர, ஆண்டுத் தொடக்கத்தில் மாநிலப் போட்டிகள் நடக்கும். சாவோ பாலோ மாநிலப் போட்டிக்கு ‘பாலிஸ்டா’ என்று பெயர். சின்ன ஊர்க் கிளப்புகள் பெரிய கிளப்புகளை நேரில் சந்திக்கும் வாய்ப்பு பெரும்பாலும் அங்கேதான்.

45 புள்ளிகள் எடுத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது பிரேசிலில் எல்லோர் வாயிலும் இருக்கும் கணக்கு. புதிதாக ஏறி வருகிற அணிக்கு அந்த 45தான் கனவு. 2025இல் 43 புள்ளி எடுத்த சியராவும் ஃபோர்ட்டலேசாவும் இறங்கின. 44 எடுத்த இன்டர்னாசியோனல் நூலிழையில் தப்பியது.

இத்தனை சின்ன ஊர் எப்படி மேலே வந்தது? அதிசயமா?

‘அதிசயம்’ என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் ஒப்புவதில்லை. பத்து ஆண்டு உழைப்பை அந்த ஒரு சொல் மறைத்துவிடுகிறது.

கதையின் தொடக்கம் லூயிஸ் அராவுஜோ என்ற இடதுகால் விங்கர். சிறுவனாக மிராசோலின் இளையோர் அணியில் ஆடியவர். பதின்ம வயதில் சாவோ பாலோ கிளப்புக்குப் போனார். அவர் மீதான உரிமையில் ஒரு பங்கை மிராசோல் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. 2017இல் பிரான்சின் லீல் கிளப் அவரை வாங்கியபோது அந்தப் பங்குக்கு உரிய பணம் மிராசோலுக்கு வந்து சேர்ந்தது.

இந்த இடத்தில்தான் பல சின்னக் கிளப்புகள் தடுக்கி விழும். கையில் காசு வந்தவுடன் பெயர் பெற்ற, வயதான நட்சத்திரம் ஒருவரைக் கூட்டிவருவார்கள். ஒரு சீசன் கூட்டம் வரும். அடுத்த சீசன் கடன் வரும். மிராசோல் அந்தப் பணத்தில் பயிற்சி மையம் கட்டியது. பயிற்சிக்கான புல்தரைகள், உடற்பயிற்சிக் கூடம், சிகிச்சை அறை. அப்போது அந்த அணிக்குத் தேசியப் பிரிவு எதிலும் நிலையான இடம் இல்லை. வீடு கட்டும் முன் கிணறு தோண்டுவதுபோல, ஆடுவதற்கு லீக் கிடைக்கும் முன்பே பயிற்சிக்கு இடம் செய்துகொண்டார்கள்.

பிறகு நடந்ததெல்லாம் படிப்படியாக. 2020இல் ‘டி’ பிரிவுப் பட்டம். 2022இல் ‘சி’ பிரிவுப் பட்டம். இறுதியில் நட்டால் நகரின் ஏ.பி.சி. அணியை வென்றார்கள். 2023இல் ‘பி’ பிரிவில் ஆறாம் இடம். 2024இல் அதே பிரிவில் இரண்டாம் இடம். தலைவர் எட்சன் எர்மெனெஜில்டோவும் கால்பந்துப் பிரிவைக் கவனிக்கும் ஜூனின்யோ அன்டூனெஸும் இந்தக் காலத்தில் மாறவே இல்லை. சம்பளத்தைக் குறித்த நாளில் கொடுக்கும் கிளப் என்ற பெயரும் அவர்களுக்கு உண்டு. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். மாதக்கணக்கில் சம்பள பாக்கி வைப்பது பிரேசில் கிளப்புகளிடையே எவ்வளவு பரவலான வழக்கம் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

அதற்கு முன்பு இந்த அணியை யாருக்காவது தெரியுமா?

பால்மெய்ராஸ் ரசிகர்களுக்கு நன்றாகவே தெரியும். 2013 மாநிலப் போட்டியில் மிராசோல் பால்மெய்ராஸை 6–2 என்று நொறுக்கியது. அந்த எட்டு கோல்களும் முதல் பாதியிலேயே விழுந்தவை! ஆனால் அதே ஆண்டு மிராசோல் மாநில முதல் பிரிவிலிருந்து கீழே இறங்கியது. ஒரு நாள் ஆட்டம் எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் அடுத்த நாள் சோறு போடாது என்பதை அந்தக் கிளப் அப்போதே அனுபவித்துவிட்டது.

இன்னொன்று 2020. கொரோனா காலத்தில் மாநிலப் போட்டி பாதியில் நின்றது. ஒப்பந்தங்கள் முடிந்து மிராசோலின் 18 வீரர்கள் போய்விட்டார்கள். மீண்டும் ஆட்டம் தொடங்கியபோது அணியைக் கிட்டத்தட்டப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. காலிறுதியில் எதிரே சாவோ பாலோ, அதுவும் அவர்களுடைய மொரும்பி மைதானத்தில். ரசிகர்களுக்கு அனுமதி இல்லாத காலம். அறுபதாயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய அரங்கம் வெறிச்சோடிக் கிடந்தது. பந்தை உதைக்கும் சத்தமும் பயிற்சியாளர்களின் குரலும்தான் கேட்டன. அவசரமாகச் சேர்த்த அந்த அணி 3–2 என்று வென்றது. அரையிறுதியில் கொரிந்தியன்ஸிடம் 0–1 என்று தோற்றார்கள். ஆனால் அந்த இரவுக்குப் பிறகு மிராசோல் என்ற பெயரை யாரும் இரண்டாம் முறை கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

‘ஏ’ பிரிவுக்கு ஏறிய நாள் எது?

2024 நவம்பர் 24, ‘பி’ பிரிவின் கடைசிச் சுற்று. சொந்த மைதானத்தில் ஷாபெகோயென்ஸை 1–0 என்று வென்றார்கள். சாண்டோஸ் 68 புள்ளிகளோடு முதலிடம், மிராசோல் 67, ஸ்போர்ட் 66, சியரா 64. அதே 64 புள்ளி எடுத்தும் ஐந்தாம் இடத்தில் நின்று வாய்ப்பை இழந்தது நோவோரிசொன்டினோ. அதுவும் மிராசோலைப் போலவே அந்த மாநிலத்தின் உள்பகுதியிலிருந்து வந்த சின்ன ஊர் அணி. ஒருவேளை சிறிது மாறியிருந்தால் இன்று நான் அவர்களைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பேன்.

பயிற்சியாளர் யார்? ஏறும்போது இருந்தவர்தானா?

இல்லை. 2024இல் அணியை ஏற்றிவிட்டவர் மொசார்ட். அவர் அந்தச் சீசனோடு கொரிட்டிபா கிளப்புக்குப் போனார். அங்கும் 2025 ‘பி’ பிரிவுப் பட்டத்தை வென்று அந்த அணியையும் ‘ஏ’ பிரிவுக்கு அழைத்துவந்தார். அவருக்குப் பின் எட்வார்டோ பர்ரோக்கா வந்து மாநிலப் போட்டியோடு சென்றார். லீக் தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது, 2025 மார்ச்சில், ரஃபேல் குவானாயெஸ் பொறுப்பேற்றார்.

குவானாயெஸ் அதுவரை பெரிய கிளப்புகளின் பட்டியலில் இல்லாதவர். 2019இல் அத்லெடிகோ பரானென்ஸின் இளையவர் அணியைக் கொண்டு பரானா மாநிலப் பட்டம் வென்றிருந்தார். ஒபெராரியோ போன்ற அணிகளில் வேலை செய்தவர். புதிதாக ஏறிய அணிகளின் பயிற்சியாளர்கள் பொதுவாகப் பத்து பேரைப் பின்னால் நிறுத்தி, ஒரு புள்ளி கிடைத்தால் போதும் என்று ஆடுவார்கள். இவர் முதல் ஆட்டத்திலிருந்தே பந்தைக் கோல்கீப்பரிடமிருந்து சின்னச் சின்னப் பாஸ்களாக எடுத்துவரச் சொன்னார். பந்தை இழந்தால் எதிரணியின் பாதியிலேயே போய் மறிக்கச் சொன்னார். 63 கோல்கள் சும்மா வரவில்லை.

தொடக்கம் எப்படி இருந்தது?

சுமாராக. முதல் ஆட்டம் பெலோ ஹொரிசோன்ட்டேயின் மினெய்ராவோ மைதானத்தில். க்ருசெய்ரோவிடம் 1–2 தோல்வி. பிறகு சமன்கள். முதல் வெற்றி ஏப்ரலில் வந்தது, வந்த விதமும் அழகு: தென் அமெரிக்கக் கிளப்புகளுக்கான லிபர்டடோரெஸ் கோப்பையை மூன்று முறை வென்ற கிரேமியோவை சொந்த ஊரில் 4–1 என்று வென்றார்கள். தோல்வியைத் தாங்காமல் கிரேமியோ தன் பயிற்சியாளர் கின்டெரோஸை அனுப்பிவிட்டது.

மே மாதம் மொரும்பியில் மீண்டும் சாவோ பாலோ, 2–0 வெற்றி. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு காலி அரங்கில் வென்ற அதே மைதானம். இந்த முறை ஆட்கள் இருந்தார்கள், பார்த்தார்கள். ஜூன் நடுவில் கிளப் உலகக் கோப்பைக்காக லீக் ஒரு மாதம் நின்றது. பலர் ‘இடைவேளைக்குப் பிறகு மூச்சு வாங்கிவிடும்’ என்றார்கள். நானும் பயந்தேன். திரும்பி வந்த பிறகுதான் அணி இன்னும் வேகமெடுத்தது. ஆகஸ்ட் முடியும் வேளையில் பாஹியாவை 5–1 என்று வென்ற ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான், கீழே இறங்குவதைப் பற்றிய பேச்சை நான் முழுதாக விட்டேன்.

சொந்த மைதானத்தில் தோற்கவே இல்லை என்பது உண்மையா?

உண்மை. 19 ஆட்டங்கள், 12 வெற்றி, 7 சமன், தோல்வி ஒன்றுகூட இல்லை. ஏழு தோல்விகளும் வெளியூரில் வந்தவை.

மைதானத்தின் முழுப் பெயர் ஜோசே மரியா டி காம்போஸ் மாயா. ஊரில் ‘மாயாவோ’ என்பார்கள். ‘பெரிய மாயா’ என்று சொல்வதுபோல. சுமார் 15,000 பேர் உட்காரலாம். ஊரின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: நாலில் ஒருவருக்கு இடம் இருக்கிறது. தொலைக்காட்சியில் பார்க்கும்போதே அந்த நெருக்கம் தெரியும். எழுபதாயிரம் தொண்டைகள் சேர்ந்து எழுப்பும் ரியோவின் மரக்கானா மைதான இரைச்சலைப் போன்றதல்ல இது. கார்னர் அடிக்கப் போகிறவருக்குப் பின்னால் இருப்பவர்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் தூரத்தில் இருக்கிறார்கள்.

வெயிலும் ஒரு காரணம் என்பார்கள். அந்தப் பகுதி கடுமையாகச் சுடும். வருகிற அணிக்கு நீண்ட பயணமும் உண்டு. ஆனால் வெயில் மிராசோல் வீரர்களுக்கும் சேர்த்துத்தானே அடித்தது? வெளியூரிலும் ஆறு வெற்றி, ஆறு சமன் எடுத்த அணி இது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முக்கிய வீரர்கள் யார் யார்?

கோடி கொடுத்து வாங்கிய நட்சத்திரம் ஒருவர்கூட இல்லை. மற்றவர்கள் ‘இவருக்கு வயதாகிவிட்டது’ என்றும் ‘இவருக்கு இந்தத் தரம் போதாது’ என்றும் ஒதுக்கியவர்களைத் தேடித் தேடிச் சேர்த்த அணி.

கோல்கீப்பர் வால்டர். கொரிந்தியன்ஸில் பல ஆண்டுகள் காசியோவுக்கு மாற்றாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். பிறகு குயாபா அணிக்காக ஆடி, 2024இல் அந்த அணி கீழே இறங்கியதைக் கண்டவர். மிராசோலுக்கு வரும்போது அவருக்கு வயது 37.

லெஃப்ட் பேக் ரெய்னால்டோ. சாவோ பாலோவிலும் கிரேமியோவிலும் ஆடியவர். தற்காப்பு வீரராக இருந்தும் இந்தச் சீசனில் அணியில் அதிகக் கோல் அடித்தவர் இவர்தான். பெனால்டி என்றால் பந்தை எடுத்து வைப்பவர் அவரே. பெனால்டியைத் தவிர, இடது காலால் அவர் அடிக்கும் ஃப்ரீ கிக்குகளுக்காகவே சில ஆட்டங்களை மறுபடி ஓடவிட்டுப் பார்த்திருக்கிறேன். 35 வயதில் ஓரத்துக்கோடு நெடுக மேலும் கீழும் ஓடுகிறவர், ஃப்ரீ கிக் கிடைத்துவிட்டால் அவசரமே படமாட்டார்.

நடுவில் டேனியல்சின்யோவும் நெட்டோ மோவுராவும். டேனியல்சின்யோ உருவத்தில் சிறியவர். எதிரணி அழுத்தும்போது பந்தை வாங்கித் திரும்பிக் கொடுக்கும் துணிச்சல் அவருக்கு இருந்ததால்தான் குவானாயெஸின் ஆட்டமுறை வேலை செய்தது. ஓரங்களில் நெகுவேபா, அலெசன். முன்னால் சிகோ டா கோஸ்டா. பின்னால் ஜோவாவோ விக்டர், ஜெம்மெஸ். வலப்பக்கம் லூகாஸ் ரமோன். இந்தப் பெயர்களை 2024இல் என்னிடம் சொல்லியிருந்தால் பாதிப் பேரை எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது.

மறக்க முடியாத ஒரு ஆட்டத்தைச் சொல்லுங்கள்.

2025 நவம்பர் 9. தேதியைப் பாருங்கள்: கிளப்புக்குச் சரியாக நூறு வயது நிறைந்த நாள். அன்று மாயாவோவுக்கு வந்தது பால்மெய்ராஸ். பட்டத்துக்காக ஃபிளமெங்கோவோடு ஒவ்வொரு புள்ளிக்கும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அணி. பயிற்சியாளர் ஏபெல் ஃபெரெய்ரா. ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு வீரர்கள் வைத்திருக்கும் கிளப். மிராசோல் 2–1 என்று வென்றது.

நூற்றாண்டு விழா என்றால் மேடை, மாலை, பேச்சு, நினைவுப் பரிசு என்று போகும். அந்த ஊருக்குக் கிடைத்த பிறந்தநாள் பரிசு மூன்று புள்ளிகள். பால்மெய்ராஸ் அன்று இழந்தது பட்டப் போட்டியில் எவ்வளவு பெரிய இழப்பு என்பது அடுத்த வாரங்களில் தெரிந்தது, ஃபிளமெங்கோ முந்திக்கொண்டது. ஆட்டம் முடிந்த பிறகும் அந்த மஞ்சள் சட்டைக் கூட்டம் கலையாமல் நின்றதைப் பார்த்துக்கொண்டு நானும் திரையை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

கடைசிச் சுற்றும் சொல்ல வேண்டியது. ஏற்கெனவே பட்டம் உறுதியான ஃபிளமெங்கோ மிராசோலுக்கு வந்தது, ஆட்டம் 3–3. லூயிஸ் அராவுஜோ இப்போது எந்தக் கிளப்பில் இருக்கிறார் தெரியுமா? ஃபிளமெங்கோவில்தான். அவரை விற்ற பணத்தில் பயிற்சி மையம் கட்டிய கிளப்பும் அவரும் ஒரே ஆண்டில் ஒரே பட்டியலில் முதல் நான்கு இடங்களுக்குள் நின்றார்கள்.

கூடவே ஏறிய மற்ற மூன்று அணிகள் என்ன ஆயின?

சாண்டோஸ் 47 புள்ளிகளோடு 12ஆம் இடம். நெய்மார் திரும்பி வந்து ஆடிய சீசன். அப்படியிருந்தும் கடைசி வாரங்கள் வரை மூச்சுத் திணறித்தான் தப்பினார்கள். சியரா 17ஆம் இடம், மீண்டும் கீழே. ரெசிஃபே நகரின் ஸ்போர்ட் கடைசி இடம், மொத்தமே 17 புள்ளிகள். இந்த மூன்றுமே மிராசோலைவிடப் பல மடங்கு ரசிகர்கள், வரலாறு, வருமானம் உள்ளவை. ஏறி வருவது எவ்வளவு கடினம் என்பதை அறிய இந்த நான்கு அணிகளின் ஒரே ஆண்டுக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

இதற்கு முன்பு ஏறிய ஆண்டிலேயே இப்படி யாராவது ஆடியிருக்கிறார்களா?

ஆடியிருக்கிறார்கள், ஆனால் நிலைமை வேறு. 2022இல் ‘பி’ பிரிவில் இருந்த கிரேமியோ, 2023இல் 68 புள்ளிகளோடு இரண்டாம் இடம் பிடித்தது. மிராசோலைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம். ஆனால் கிரேமியோ ஒரு பேரரசு. வழிதவறி ஓராண்டு கீழே போய் வந்தது. முன்னால் ஆட லூயிஸ் சுவாரெஸையே அழைத்துவந்தார்கள். அவர் அந்த லீக்கில் 17 கோல் அடித்தார்.

முதன்முறை வருகிற அணிகளுக்குக் கிடைப்பது வேறு விதமான அனுபவம். 2008இல் வந்த இபட்டிங்கா கடைசி இடம். 2009இல் வந்த பருவேரி 11ஆம் இடம் பிடித்ததையே எல்லோரும் வியந்து பேசினார்கள். 2021இல் வந்த குயாபா 15ஆம் இடத்தில் பிழைத்துக்கொண்டது. 2003 முதல் நடக்கும் இன்றைய லீக் முறையில், புதுமுக அணி ஒன்று மிராசோலுக்குப் பக்கத்தில்கூட வந்ததில்லை.

அதற்கு முந்தைய காலத்தில் சாவோ கேட்டானோ உண்டு. அவர்களைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

கண்டப் போட்டிகள் இல்லாததால் சுலபமாக இருந்தது என்கிறார்களே?

அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஃபிளமெங்கோ, பால்மெய்ராஸ் போன்றவை வாரத்தின் நடுவில் லிபர்டடோரெஸ் கோப்பைக்காக வேறு நாடுகளுக்குப் பறந்துகொண்டிருந்தபோது, மிராசோலுக்குப் பயிற்சி செய்ய நாட்கள் கிடைத்தன. குவானாயெஸின் பாஸ் ஆட்டத்துக்கு அந்த நாட்கள் தேவையாகவும் இருந்தன. ஆனால் அதே ஓய்வு சியராவுக்கும் ஸ்போர்ட்டுக்கும் இருந்ததே! ஓய்வு நாளில் நல்ல புல்தரையில் என்ன செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

நான்காம் இடத்துக்கு என்ன பலன்?

2026 லிபர்டடோரெஸ் கோப்பையில், தகுதிச் சுற்று இல்லாமல் நேராகக் குழுச் சுற்றில் இடம். ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக்குக்கு இணையான தென் அமெரிக்கப் போட்டி அது. பணமும் உண்டு: 2025 கணக்குப்படி குழுச் சுற்றில் ஆடுவதற்கே ஒவ்வொரு அணிக்கும் 30 லட்சம் அமெரிக்க டாலர். பயணச் சுமையும் கூடும். மலை உச்சி நகரங்களில் புதன்கிழமை ஆடிவிட்டு ஞாயிற்றுக்கிழமை லீக் ஆட வேண்டிய நிலை வரலாம்.

இது நிலைக்குமா?

என் உள்ளம் நிலைக்கும் என்கிறது. பிரேசில் கால்பந்தின் வரலாறு பயமுறுத்துகிறது.

சாவோ கேட்டானோ 1989இல் தொடங்கிய கிளப். 2000இல் கீழ்ப் பிரிவிலிருந்து வந்து தேசியப் போட்டியில் இரண்டாம் இடம், 2001இல் மீண்டும் இரண்டாம் இடம், 2002இல் லிபர்டடோரெஸ் இறுதிவரை. 2004இல் மாநிலப் பட்டமும் வந்தது. அதே ஆண்டு, மொரும்பியில் ஆட்டத்தின் நடுவில் அவர்களுடைய வீரர் செர்ஜின்யோ இதயத் துடிப்பு நின்று சரிந்து இறந்தார். 2006இல் ‘ஏ’ பிரிவிலிருந்து இறங்கிய கிளப் பிறகு அங்கே திரும்பவே இல்லை.

ஃபோர்ட்டலேசாவின் கதை இன்னும் அருகில் இருக்கிறது. 2018இல் ‘பி’ பிரிவுப் பட்டத்தோடு ஏறி, 2019இல் ஒன்பதாம் இடம், 2021இலும் 2024இலும் நான்காம் இடம். ஒழுங்கான நிர்வாகத்துக்கு எல்லோரும் உதாரணம் காட்டிய கிளப். மிராசோல் நான்காம் இடம் பிடித்த அதே டிசம்பரில் ஃபோர்ட்டலேசா ‘பி’ பிரிவுக்கு இறங்கியது.

நல்ல வீரர்களைப் பெரிய கிளப்புகள் கேட்டு வருவார்கள். வால்டருக்கும் ரெய்னால்டோவுக்கும் வயது ஏறிக்கொண்டே போகும். அவர்களுக்குப் பதிலாக வருகிறவர்களை அதே பொறுமையோடு தேர்ந்தெடுக்கிறார்களா என்பதை நான் கவனிப்பேன். அந்தப் பயிற்சி மையத்திலிருந்து இன்னொரு லூயிஸ் அராவுஜோ வருகிறானா என்பதையும்.

இந்திய நேரப்படி ஆட்டங்கள் எப்போது?

சாவோ பாலோ நேரத்துக்கும் நமக்கும் எட்டரை மணி நேர இடைவெளி, நாம் முன்னால். அங்கே ஞாயிறு மாலை 4 மணி ஆட்டம் நமக்கு நள்ளிரவு 12:30. வாரத்தின் நடுவில் இரவு 9:30க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு மறுநாள் காலை 6 மணி. வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலை ஆட்டம்தான் வசதி: எழுந்து காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், எட்டு மணிக்கெல்லாம் முடிந்துவிடும்.